வாகையர் மோதும் களம்

இடுக்கி மாவட்டத்து மூணாற்றில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அணிகள் ஃபின்லே கேடயத்துக்காகக் கால்பந்து ஆடுவது நெடுநாள் வழக்கம். கேடயம் வென்ற தோட்டமும் அடுத்த முறை மீண்டும் ஆடியே அதனைக் காத்துக்கொள்ள வேண்டும்.

கண்டங்களை வென்ற நாடுகளுக்கும் இதுவே நிலை. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் வாகை சூடிய ஆடவர் அணிகள் தம்முள் மோதும் போட்டி ஃபைனலிசிமா எனப்படும். 1985, 1993 ஆகிய ஆண்டுகளில் வேறு பெயரில் நடைபெற்ற இப்போட்டி, 2022இல் புத்துயிர் பெற்றது. அவ்வாண்டு ஜூன் 1 அன்று, இலண்டன் வெம்பிளி அரங்கில் அர்ஜென்டினா 3–0 என்னும் கணக்கில் இத்தாலியை வென்றது.

ஐரோப்பிய வாகையரான இத்தாலியர், அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வடக்கு மாசிடோனியாவிடம் தோற்று, உலகக் கோப்பைக்குத் தகுதிபெறும் வாய்ப்பை இழந்திருந்தனர். அர்ஜென்டினாவோ டிசம்பரில் உலகக் கோப்பையையே வென்றது. நேற்றைய வெற்றி இன்றைய ஆட்டத்தில் ஒரு கோலாகவும் கணக்கிடப்படுவதில்லை.