தேர்வு முறை மாறிவிட்டது, நாம் மாறினோமா?

போன வாரம், தொடக்கநிலை இரண்டில் படிக்கும் என் மகளுக்கு ஒரு கணக்கு வினாத்தாளை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். "ஸ்கூல்லயே டெஸ்ட் இல்லப்பா, வீட்டுல மட்டும் எதுக்கு?" என்று கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை.

அவள் சொன்னது சரிதான். சிங்கப்பூரில் 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளுக்குத் தேர்வே கிடையாது. 2023-க்குள் எல்லா வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வையும் எடுத்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பில் எழுதும் பி.எஸ்.எல்.இ. தேர்வில், முன்பு ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் கணக்கிடுவார்கள். 2021-ல் அது போய், பாடத்துக்கு எட்டு நிலைகள் என்று வந்தது. 90 எடுத்தாலும் 99 எடுத்தாலும் ஒரே நிலைதான். 2024-ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகளும் இல்லை. கணக்கில் கெட்டி, ஆங்கிலத்தில் சுமார் என்றால், அந்தந்தப் பாடத்தை அவரவர் நிலைக்கு ஏற்பப் படிக்கலாம்.

இவ்வளவு மாறியும் நம் வீடுகளில் ட்யூஷன் குறையவில்லை. காரணம் பேராசை இல்லை, பயம். ப்ளஸ் டூ கட்-ஆஃப், கேம்பஸில் "60 சதவீதம், அரியர் இருக்கக்கூடாது" என்ற விதி, இதையெல்லாம் தாண்டித்தான் என்னைப் போன்றவர்கள் இங்கே வந்தோம். ஏறி வந்த ஏணியை வேண்டாம் என்று சொல்ல மனசு வராது.

ஆனால் முதல் வேலைக்குப் பிறகு என் மார்க்கை யாரும் கேட்டதில்லை. கல்லூரியில் படித்ததை வைத்து இன்று நான் வேலை செய்வதும் இல்லை. கிளவுட் வந்தபோது ஒருமுறை, இப்போது ஏ.ஐ. வந்தபிறகு மறுமுறை, முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 40 வயதைத் தாண்டிய குடிமக்கள் திரும்பப் படிக்க 2024-ல் அரசாங்கமே ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி போட்டது. 40 வயதிலும் படிக்க வேண்டிய காலத்தில், எட்டு வயதிலேயே படிப்பு என்றால் வெறுப்பு என்று ஆக்கிவிட்டால் என்ன மிஞ்சும்?

வினாத்தாளை அடியோடு நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் பொய். வாரத்துக்கு ஒன்று என்று குறைத்திருக்கிறேன். மார்க் போடுவதில்லை. தப்பான கணக்கைக் காட்டி, "இதை எப்படி யோசிச்சே?" என்று மட்டும் கேட்கிறேன். சில நேரம் அவள் சொல்லும் வழி எனக்கே புதுசாக இருக்கிறது.

கல்வி அமைச்சு செய்ய வேண்டியதில் பாதியைச் செய்துவிட்டது. மீதிப் பாதி பெற்றோர் நம் கையில்தான் இருக்கிறது.