டாக்டரா, நர்ஸா, பார்மசிஸ்டா? சேர்க்கைக்கு முன் கேட்க வேண்டியவை

ப்ளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்தில் கோவில்பட்டி பக்கம் சுவருக்குச் சுவர் நோட்டீஸ் முளைத்துவிடும். ‘பாஸ், ஃபெயில் யாரும் சேரலாம். ஒரே வருடத்தில் நர்சிங். நூறு சதவீதம் வேலை உறுதி.’ கீழே ஒரு செல்போன் எண். கடம்பூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் மானாவாரி விவசாயமும் தீப்பெட்டி ஆபீஸ் கூலியுமாக வாழும் குடும்பங்கள் இந்த நோட்டீஸை நம்பித்தான் கம்மலை அடகு வைக்கின்றன. பிள்ளை ஆஸ்பத்திரி வேலைக்குப் போனால் நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கும் என்பது பெற்றோரின் ஆசை. ஆசையில் தப்பில்லை. ஆனால் மருத்துவத் துறையில் எந்தப் படிப்புக்கு எவ்வளவு சம்பளம், எந்தச் சான்றிதழ் செல்லும், ஏமாந்தால் எங்கே போவது என்று தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டினால், கம்மலும் போய் வருடமும் போய்விடும்.

வருடக் கணக்கும் சம்பளக் கணக்கும்

அதிக வருடம் படித்தால் அதிகச் சம்பளம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., வெளியிடும் அறிவிப்புகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

எம்.பி.பி.எஸ். நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி மருத்துவர் பணி. அதை முடித்து எம்.ஆர்.பி. வழியாக உதவி மருத்துவராகச் சேருபவருக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய்.

டி.பார்ம். இரண்டு வருட டிப்ளமோ, அதன்பின் 500 மணி நேரப் பயிற்சி. 2022-இல் எம்.ஆர்.பி. 889 மருந்தாளுநர் பணியிடங்களை அறிவித்தபோது அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாயில் தொடங்கியது.

கிராம சுகாதார செவிலியர், நம் ஊரில் ‘வி.எச்.என். அம்மா’ என்று கூப்பிடுகிறோமே, அவர் படித்தது ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பு. இன்று அது இரண்டு வருடம். 2023 அறிவிப்பில் 2,250 இடங்கள், அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய்.

நாலு வருடம் பி.எஸ்சி. நர்சிங் முடித்து அரசு மருத்துவமனையில் சேரும் செவிலியருக்குத் தொடக்கத்தில் கிடைப்பது தொகுப்பூதியம், மாதம் 18,000 ரூபாய். மூன்று வருட டிப்ளமோ நர்சிங் முடித்தவருக்கும் அதே தொகைதான்.

நாலு வருடம் படித்தவர் இரண்டு வருடம் படித்தவரைவிடக் குறைவான தொகையில் ஆரம்பிக்கிறார். காரணம் படிப்பில் இல்லை, சம்பளத்தின் வகையில் இருக்கிறது.

காலமுறையா, தொகுப்பா?

காலமுறை ஊதியம் என்றால் அடிப்படைச் சம்பளம், அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, வருடா வருடம் இன்கிரிமென்ட். இன்றைய நிலையில் அகவிலைப்படி மட்டுமே அடிப்படைச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வருகிறது. 35,400-இல் சேரும் மருந்தாளுநருக்கு மொத்தச் சம்பளம் முதல் மாதமே 50,000 ரூபாயைத் தாண்டிவிடும்.

தொகுப்பூதியத்தில் சொன்ன தொகை மட்டும்தான், படி எதுவும் சேராது. 2015-இல் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் சேர்ந்தபோது அவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்போடு வந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. பிறகு தொகை 14,000 ஆகி, 18,000 ஆனது. காலியிடம் வர வரத்தான் நிரந்தரம் செய்கிறார்கள். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்கள் பலருக்கு 2022 டிசம்பர் 31-உடன் வேலை நீட்டிப்பு நின்றுபோனது. 2019-இல் 1,508 லேப் டெக்னீஷியன் இடங்களுக்கு வந்த அறிவிப்பிலும் மாதம் 8,000 ரூபாய் தொகுப்பூதியம்தான்.

ஆகவே ‘கவர்மென்ட் வேலை’ என்ற சொல்லோடு நின்றுவிடக் கூடாது. அறிவிப்பில் சம்பளப் பத்தியைத் தேடிப் படியுங்கள். ‘லெவல்’ எண்ணும் இரண்டு தொகைகளும் இருந்தால் காலமுறை. ஒரே தொகை மட்டும் இருந்தால் தொகுப்பு.

இன்னொன்றும் உண்டு. 889 இடம் என்பது முழுத் தமிழ்நாட்டுக்கும் சேர்த்து. தேர்வு எப்போது வரும் என்ற உறுதியும் இல்லை. அரசு வேலை கிடைக்கும் வரை தனியாரில் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

தனியார் மருத்துவமனைச் சம்பளம்

தனியார் செவிலியர்களின் சம்பளம் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு பரிந்துரைத்தது இது: 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனையில் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம், 100 முதல் 200 படுக்கை வரை என்றால் அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 படுக்கைக்குக் கீழே உள்ள சிறிய மருத்துவமனையானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. கேரளம் 2018-இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாகவே ஆணையிட்டது. நம் பக்கத்துச் சிறு மருத்துவமனைகளில் படித்த நர்ஸுக்கே அதில் பாதியளவு பேசுகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

பரிந்துரை சட்டமாகவில்லை என்றாலும் கைக்குள் இருக்கும் உரிமைகள் உண்டு. தமிழ்நாட்டில் மருத்துவமனை, நர்சிங் ஹோம் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை அரசு நிர்ணயித்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம். இருபது பேர் இருந்தால் பி.எஃப். கட்டாயம். பெண் ஊழியர் பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு பிரசவத்துக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு.

சம்பளச் சீட்டை எப்படிப் பார்ப்பது? 12,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அதில் இ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு முக்கால் சதவீதம், 90 ரூபாய். பி.எஃப். பன்னிரண்டு சதவீதம், 1,440 ரூபாய். கைக்கு வர வேண்டியது 10,470. நிர்வாகம் தன் பங்காக இ.எஸ்.ஐ.க்கு 390 ரூபாயும் பி.எஃப்.க்கு 1,440 ரூபாயும் தனியாகக் கட்ட வேண்டும். அந்தப் பங்கையும் உங்கள் 12,000-இலேயே பிடித்தால் அது சட்ட விரோதம். பிடித்தம் மட்டும் நடந்து கணக்கில் பணம் ஏறாமல் இருப்பதும் உண்டு. பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கி, செல்போனிலேயே பாஸ்புக்கைப் பாருங்கள்.

பெயர் ஏறும் பதிவேடு எது?

கரிசல்காட்டுச் சம்சாரி விதை மூட்டையில் சான்று அட்டை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார். படிப்புக்கும் அந்தச் சான்று அட்டை உண்டு. நர்ஸுக்குத் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதிகள் கவுன்சில், மருந்தாளுநருக்குத் தமிழ்நாடு பார்மசி கவுன்சில், டாக்டருக்குத் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில். படித்து முடித்ததும் இந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறுமா என்பதே முதல் கேள்வி. ஏறாது என்றால் அது நர்சிங் படிப்பே அல்ல. ஒரு வருட ‘நர்சிங்’ சான்றிதழோடு வெளியே வருபவர் எம்.ஆர்.பி. தேர்வு எழுத முடியாது, வெளிநாடு போக முடியாது. ஆயுசுக்கும் ‘ஹெல்பர்’ சம்பளம்தான்.

பிசியோதெரபி, ரேடியாலஜி, ஆபரேஷன் தியேட்டர், லேப் போன்ற படிப்புகளுக்கு 2021-இல் ஒன்றிய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதன்படி துணை மருத்துவப் படிப்பு குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு வருடமாவது இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் லேப் டெக்னீஷியன் ஆக்குகிறோம் என்பவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். பட்டப் படிப்பு என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் அந்தக் கல்லூரி, அந்தப் பாடம், இந்த வருடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரிக்கு அனுமதி இருந்து பாடத்துக்கு இல்லாமல் இருக்கலாம்.

சேரும் முன்பே இப்படிப் பார்ப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு 2016 ஜனவரி சாட்சி. சின்னசேலம் பக்கத்தில் ஒரு தனியார் இயற்கை மருத்துவக் கல்லூரியின் மூன்று மாணவிகள் கிணற்றில் இறந்து கிடந்தார்கள். அதிகக் கட்டணம், வசதிக் குறைவு என்று அந்தக் கல்லூரி மாணவர்கள் அதற்கு முன்பே போராடியிருந்தார்கள். சேர்ந்த பிறகு போராடுவது அவ்வளவு கடினம்.

பதிவு பெற்ற பிறகும் ஓர் ஆபத்து இருக்கிறது. டி.பார்ம். சான்றிதழை மாத வாடகைக்கு மெடிக்கல் ஷாப்புக்குக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடையில் மாத்திரை மாறி ஒருவருக்கு ஏதாவது ஆனால் சான்றிதழுக்கு உரியவர்தான் பதில் சொல்ல வேண்டும். பதிவே ரத்தாகலாம். நர்ஸோ லேப் டெக்னீஷியனோ டாக்டராக ஊசி போட்டு வைத்தியம் பார்த்தால், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வருடம் வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

செலவும் உதவியும்

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அப்படி இடம் கிடைத்தால் தனியார் கல்லூரியானாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அந்த ஒதுக்கீடு இல்லாமல் தனியார் கல்லூரியில் அரசு இடமே கிடைத்தாலும் வருடத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல் ஆகும். நிர்வாக இடம் அதைப்போல் மூன்று மடங்கு.

பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். மற்றும் துணை மருத்துவப் பட்டப் படிப்புகளுக்கு மாநிலத் தேர்வுக் குழுவின் கலந்தாய்வு ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடந்துவருகிறது. அதற்கு விண்ணப்பிக்காமல் நேரே ஏஜென்டிடம் போவதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு. அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கல்விக் கடனில் நாலு லட்சம் வரை வங்கி சொத்து ஈடு கேட்கக் கூடாது.

‘வெளிநாட்டில் மலிவாக எம்.பி.பி.எஸ்.’ என்பவரிடம் கவனம் தேவை. அங்கே படிக்கவும் நீட் தகுதி வேண்டும். 2021 விதிகளின்படி 54 மாதப் படிப்பு, ஆங்கில வழி, அங்கே ஒரு வருடப் பயிற்சி, திரும்பி வந்து இங்கே ஒரு வருடப் பயிற்சி. இதற்கு நடுவில், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வு. அதில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை.

நர்ஸாக வெளிநாடு போக நினைப்பவர்கள் முதலில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தமிழக அரசின் ஓ.எம்.சி.எல். நிறுவனத்தில் விசாரியுங்கள். தனியார் ஏஜென்ட் என்றால் ஒன்றிய அரசின் பதிவு இருக்க வேண்டும். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. லட்சக்கணக்கில் கேட்பவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

ஏமாந்தால் எங்கே போவது?

அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு அதிகாரம் இல்லை. 2018-இலேயே யு.ஜி.சி. இதைத் தெளிவாக அறிவித்துவிட்டது. வேலையில் சேரும்போது மருத்துவமனை கேட்டாலும் நகல் மட்டும் கொடுங்கள்; அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எழுதாத பத்திரத்திலோ வெற்றுச் செக்கிலோ கையெழுத்துப் போடாதீர்கள். இத்தனை காலம் வேலை செய்வேன் என்ற பாண்டில் கையெழுத்துப் போட நேர்ந்தால் அதன் நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

கூலி குறைவு, சம்பளப் பாக்கி என்றால் தொழிலாளர் துறையில் மனுக் கொடுங்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப். மோசடி என்றால் அந்தந்த அலுவலகத்துக்கு எழுதுங்கள். பணியிடத்தில் பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார்க் குழு, அது இல்லாத இடத்தில் மாவட்ட உள்ளூர்க் குழு. ராகிங்குக்கு 1800-180-5522. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. கோவில்பட்டி நீதிமன்றத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், 15100 எண்ணிலும் கூப்பிடலாம்.

பணம் எதைக் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். ரசீது தராத கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். சேர்க்கும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள்: பல்கலைக்கழக இணைப்பு ஆணை எங்கே, எந்தக் கவுன்சிலில் பெயர் பதிவாகும், போன வருடம் முடித்தவர் எங்கே என்ன சம்பளத்தில் இருக்கிறார்? மூன்றுக்கும் காகிதத்தில் பதில் கிடைத்த பிறகு அடகுக் கடைக்குப் போகலாம்.