ஒரே வீட்டில் இரண்டு பிரதி போதாது
வீட்டுக் கணினி – 9

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, சாளுவன்குப்பத்தில் கடலோரமாக அதிரணசண்டன் குடைவரை இருக்கிறது. அதன் எதிரெதிர்ச் சுவர்களில் வடமொழிச் செய்யுள்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. செய்தி ஒன்றுதான், ஒரு சுவரில் பல்லவ கிரந்தம், மறு சுவரில் நாகரி. மாமல்லபுரம் குன்றில் இன்னொரு இரட்டை உண்டு. கணேச ரதத்தில் உள்ள கல்வெட்டுச் செய்யுள்களே தருமராஜ மண்டபத்திலும் இருக்கின்றன. 1890இல் வெளிவந்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் ஹுல்ட்ஸ் இவற்றைப் பதிப்பித்தார்.

பல்லவர்கள் ஏன் இப்படி இருமுறை வெட்டினார்கள் என்பது ஆய்வாளர்களின் கேள்வி. பேக்கப் எடுக்க உட்கார்ந்திருக்கும் நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. சாளுவன்குப்பத்தில் எழுத்து மாறியது, இடம் மாறவில்லை. அந்தக் குடைவரையை மணல் மூடினால் இரண்டு பிரதியும் சேர்ந்தே மூடப்படும். குன்றில் இடமே மாறிவிட்டது. ஒன்று சிதைந்தாலும் மற்றது மிஞ்சும்.

சென்ற வாரம் புகைப்படம், பத்திர நகல், வீட்டுக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்தோம். பலர் அதை அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, கணினி இருக்கும் அதே மேஜையின் இழுப்பறையில் வைத்துவிடுகிறார்கள். டிஸ்க் பழுதானால் இது காப்பாற்றும். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் காப்பாற்றாது.

நம் பகுதிக்கு இது கற்பனைப் பயம் அல்ல. 2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்தக் கரையைத் தாக்கியது. 2015 டிசம்பரில் முடிச்சூர் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, சான்றிதழ்களைப் பறிகொடுத்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. மூலப் பதிவு வேறோர் அலுவலகத்தில் பத்திரமாக இருந்ததால்தான் நகல் தர முடிந்தது. மறைந்த அம்மாவின் குரல் பதிவுக்கும், ஒரு சிற்பப் பட்டறையின் வரைபடங்களுக்கும் எந்த அலுவலகம் நகல் தரும்? அந்த அலுவலகத்தை நாம்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய 3-2-1 விதி இதற்கு உதவும். மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில். மூன்றில் கடைசி எண்ணைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

முதல் பிரதி வீட்டிலேயே, வெளி ஹார்ட் டிஸ்க்கில். விண்டோஸில் ‘ஃபைல் ஹிஸ்டரி’, மேக்கில் ‘டைம் மெஷின்’ இந்த வேலையைத் தானாகச் செய்யும். கோப்பின் பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். கடலோர வீடுகளில் உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கும் என்பதால், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

வெளியூர்ப் பிரதிக்கு இரண்டு வழிகள். ஒன்று கிளவுட். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அதிலேயே ஜிமெயிலும் புகைப்படங்களும் அடக்கம். ஆவணங்களுக்கு அது போதும், குடும்ப வீடியோக்களுக்குப் போதாது. கட்டணம் கட்டி இடம் வாங்கினாலும், 200 ஜிபியை நொடிக்கு 20 மெகாபிட் அப்லோட் வேகத்தில் ஏற்ற 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு முறை ஏற்றிவிட்டால், பிறகு புதியவை மட்டுமே போகும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க் ஆகும் ஃபோல்டரில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள்தான் தாங்கும்.

இரண்டாவது வழி உறவினர் வீடு. கோவளத்திலோ கல்பாக்கத்திலோ இருப்பவர், இன்னொரு ஹார்ட் டிஸ்க்கைச் செங்கல்பட்டிலுள்ள அக்கா வீட்டில் வைக்கலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப்பித்துக்கொள்ளலாம். மாதக் கட்டணம் இல்லை, இணையமும் தேவையில்லை. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, டிஸ்க் இல்லாத வேறோர் இடத்தில் வையுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஆவணங்கள் குறைவாக இருந்தால் கிளவுட். படமும் வீடியோவும் நூற்றுக்கணக்கான ஜிபி என்றால் அக்கா வீட்டு டிஸ்க். அதிலுள்ள முக்கிய ஆவணங்கள் மட்டும் கிளவுடில். வட கிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பருக்குள் இதை முடித்துவிடுங்கள். முடித்ததும் பேக்கப்பிலிருந்து ஐந்தாறு கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

அடுத்த வாரம்: செல்போனில் சிக்கியிருக்கும் வாட்ஸ்அப் படங்களை மீட்பது.

(தொடரும்)