தரம் எங்கே பிறக்கிறது?

ஜவ்வரிசி எவ்வளவு வெண்மையோ அவ்வளவு உயர்ந்தது என்ற எண்ணம் நம் சந்தையில் ஆழமாக வேரூன்றியுள்ளது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் உள்ள சில சேகோ ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் நடத்தும் சோதனைகளில் வெளுப்பு ரசாயனங்கள் பிடிபடுவதாக அவ்வப்போது செய்திகள் வருகின்றன. இதைச் சட்டமீறலாக மட்டும் பார்த்து அபராதத்தோடு முடித்துவிடுகிறோம். உற்பத்தி முறையின் கோளாறாகவும் இதைப் பார்த்தால்தான் தீர்வு புலப்படும்.

இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஜவ்வரிசி இறக்குமதி தடைபட்டது. அந்தத் தட்டுப்பாட்டில், 1943-44-ஆம் ஆண்டுகளில் சேலத்தில் குடிசைத் தொழிலாக முளைத்ததுதான் மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி. இடைத்தரகர்களின் பிடியிலிருந்து உற்பத்தியாளர்களை மீட்க, 1981-இல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எண்பது ஆண்டுகளில் ஈட்டிய இந்தப் பெயரைக் காப்பது எப்படி என்பதே இன்றைய கேள்வி.

தர மேலாண்மையின் முதல் விதி எளிமையானது: தரம் கடைசியில் சோதித்துச் சேர்க்கப்படுவதில்லை, ஒவ்வொரு கட்டத்திலும் உருவாக்கப்படுகிறது. அமெரிக்காவின் வால்டர் ஷூஹார்ட் 1924-இல் கட்டுப்பாட்டு வரைபடத்தை வகுத்தபோது இந்தச் சிந்தனைக்கு வித்திட்டார். எட்வர்ட்ஸ் டெமிங் 1950-இல் ஜப்பானியத் தொழிலதிபர்களுக்கு அதை விளக்கினார். குறைகளில் பெரும்பாலானவை தொழிலாளியின் கவனக்குறைவால் அல்ல, அமைப்பின் குறைபாட்டால் விளைகின்றன என்பது அவர் வலியுறுத்திய உண்மை.

இதை ஜவ்வரிசிக்குப் பொருத்திப் பார்ப்போம். தோண்டிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு, மூன்று நாள்களிலேயே உள்ளே கருக்கத் தொடங்கிவிடும். லாரி ஆலை வாசலில் காத்துக் கிடந்தால் நிறம் அங்கேயே கெடத் தொடங்குகிறது. தோல் முழுமையாக உரியாவிட்டாலும், கழுவும் நீர் கலங்கலாகவோ இரும்புச் சத்து மிகுந்ததாகவோ இருந்தாலும், மாவுப்பால் தொட்டியில் அளவுக்கு மீறித் தேங்கிப் புளித்தாலும் மாவின் நிறம் மங்கும். இத்தனை இடங்களில் இழந்த வெண்மையைக் கடைசியில் ரசாயனம் ஊற்றி மீட்க முயல்வதுதான் வெளுப்பு. அதற்கு ரசாயனச் செலவு உண்டு. கூடுதலாக அலசத் தண்ணீர் வேண்டும். பிடிபட்டால் சரக்கே பறிபோகும். மூலக்காரணமோ அப்படியே இருக்கும்.

இரண்டாவது விதி, விரயத்தை அடையாளம் காண்பது. டொயோட்டா நிறுவனத்தின் தாயிச்சி ஓனோ, தொழிற்சாலை விரயங்களை ஏழு வகையாகப் பிரித்தார். தேவைக்கு மீறிய உற்பத்தி, காத்திருப்பு, வீண் போக்குவரத்து, தேவையற்ற செய்முறை, தேங்கும் இருப்பு, வீண் அசைவு, குறையுள்ள பொருள் ஆகியவையே அவை. கழிவாக வெளியேறுவது மட்டும் விரயமல்ல. வாசலில் நிற்கும் லாரியும் விரயம், மறுபடி அலசும் வேலையும் விரயம்.

ஆலைக் கழிவான திப்பியையே எடுத்துக்கொள்வோம். மாவைப் பிழிந்த பிறகும் அதில் கணிசமான மாவுச்சத்து தங்கிவிடுகிறது. ஓர் உதாரணக் கணக்கு: நாளொன்றுக்கு 50 டன் கிழங்கு அரைக்கும் ஆலையில், அரவைப் பல் தேய்ந்ததாலோ சல்லடை கிழிந்ததாலோ, கிழங்கின் எடையில் ஒரு சதவீத மாவு கூடுதலாகத் திப்பியோடு போனால், நாள் இழப்பு 500 கிலோ. 150 நாள் ஓடும் பருவத்தில் அது 75 டன். திப்பி கால்நடைத் தீவனமாகிறது. கழிவுநீரிலிருந்து பல ஆலைகள் சாண எரிவாயு போன்ற எரிவாயு எடுக்கின்றன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், மாவாக விற்க வேண்டியதைத் தீவன விலைக்கு விற்பது லாபமாகாது. கழிவைப் பயன்படுத்துவதற்கு முன்பு கழிவைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது விதி, அளவீடு. திப்பியில் தங்கும் மாவு, கிழங்கு காத்திருந்த நேரம், ஒரு டன் கிழங்குக்குச் செலவான நீர் ஆகிய மூன்றையும் நாள்தோறும் ஒரு வரைபடத்தில் குறித்து வந்தாலே போதும்; எந்த ஏற்ற இறக்கம் இயல்பானது, எது கோளாறின் அறிகுறி என்பது தெரிந்துவிடும். பெரிய முதலீடு தேவையில்லை. அளவீட்டில் நேர்மையும் வேண்டும். கிழங்கின் மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' கணக்கில் அளந்தே விவசாயிக்கு விலை தரப்படுகிறது. அந்த அளவீட்டின் மீது அவருக்கு நம்பிக்கை இல்லையென்றால், நல்ல கிழங்கை உரிய நேரத்தில் கொண்டுவர அவருக்கு என்ன ஊக்கம் இருக்கும்?

இத்தனை தெளிவாக இருந்தும் ஆலைகள் ஏன் மாறவில்லை? விடை விலையில் இருக்கிறது. வாங்குபவரால் தரத்தைப் பிரித்தறிய முடியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் விளக்கினார். பின்னர் நோபல் பரிசும் பெற்றார். கண்ணால் பார்த்து விலை வைக்கும்வரை, கண்ணுக்காகவே ஜவ்வரிசி தயாராகும். நேர்மையான ஆலைக்குக் கிடைப்பது நஷ்டம் மட்டுமே.

எனவே, சோதனை நடவடிக்கைகளோடு விலை முறையும் மாற வேண்டும். ஆய்வகச் சான்று பெற்ற, வெளுக்கப்படாத ஜவ்வரிசிக்குத் தனி ரகமும் தனி விலையும் ஏலத்தில் அமைய வேண்டும். புவிசார் குறியீட்டை அந்த ரகத்தின் அடையாளமாக்கலாம். 'பாயிண்ட்' அளவீடு விவசாயியின் கண்ணெதிரே நடைபெற வேண்டும். சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக்ஸ் பிரிவு, 1998-இல் டெமிங் பரிசு பெற்ற முதல் இந்திய நிறுவனமானது. பெருந்தொழிலில் தமிழகம் சாதித்த ஒழுங்கு, ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் உள்ள சிறு ஆலைகளுக்கு எட்டாததல்ல.

நுகர்வோருக்கும் இதில் பங்குண்டு. இயற்கையான ஜவ்வரிசி சற்றே மங்கலாகத்தான் இருக்கும். அதைக் குறையென்று ஒதுக்காமல் நாம் வாங்கத் தொடங்கினால், ஆலைகளின் வெளுப்புத் தொட்டிகளுக்கு வேலை இருக்காது.