சமய அவமதிப்பும் இஸ்லாமியர் எதிர்வினையும்: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

ஓசூர், பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் தமிழக – கர்நாடக எல்லையில் அமைந்த தொழில் நகரம். தமிழ், தெலுங்கு, கன்னடம், தக்கினி உருது ஆகிய மொழிகள் அருகருகே வழங்கும் இப்பகுதியில், அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பலர். ஆகவே பெங்களூருவில் எழும் பதற்றம் இங்கு அயல்மாநிலச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. தம் சமயம் இழிவுபடுத்தப்படும்போது இஸ்லாமியர் மேற்கொள்ளத்தக்க எதிர்வினையை மறைநெறி, வரலாறு, சட்டம் ஆகிய மூன்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

மறைநெறி

இறைவசனங்கள் ஏளனம் செய்யப்படும் அவையில், பேச்சு வேறு பொருளுக்கு மாறும்வரை அமர வேண்டாம் என்கிறது திருக்குர்ஆன் (4:140). விலகல் அப்பேச்சிலிருந்தே, மனிதரிடமிருந்து அன்று. ஒரே ஆலையில் பணிபுரிவோர்க்கு இவ்வேறுபாடு முதன்மையானது. பிறர் வணங்குவனவற்றை ஏசுவதையும் அது தடுக்கிறது (6:108). தீமையை நன்மையால் எதிர்கொள்ளப் பணிக்கிறது (41:34). இடைக்காலச் சட்டநூல்கள் நபியை இழித்துரைத்தலுக்குக் கடுந்தண்டனை பேசினும், தண்டனையை நிறைவேற்றும் அதிகாரத்தைப் பொதுவாக ஆட்சியாளருக்கே உரியதாக்கின. தனிமனிதரோ கூட்டமோ அதனைக் கையிலெடுக்க அவற்றிலும் பொதுவான உரிமை இல்லை.

பெங்களூரு நிகழ்வுகள்

1986 டிசம்பரில் டெக்கான் ஹெரால்டு நாளிதழ் வெளியிட்ட ஒரு சிறுகதை நபியை இழிவுபடுத்துவதாகக் கருதப்பட்டுக் கலவரம் மூண்டது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2020 ஆகஸ்டு 11 இரவு, முகநூல் பதிவொன்றைத் தொடர்ந்து டி.ஜே.ஹள்ளி, கே.ஜி.ஹள்ளி காவல் நிலையங்கள் தாக்கப்பட்டன. சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வீடு எரிக்கப்பட்டது. காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் மூவர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமும் பயன்படுத்தப்பட்டது. இரு நிகழ்வுகளிலும் அவமதிப்பு பின்னுக்குச் சென்று, வன்முறையே பேசுபொருளாயிற்று. உயிரிழப்பும் சிறையும் எளிய குடும்பங்களின்மேல் விழுந்தன. எனினும் 2020இல் அதே இரவில் இஸ்லாமிய இளைஞர் சிலர் மனிதச்சங்கிலி அமைத்துக் கோயிலொன்றைக் காத்தமையும் பதிவாகியுள்ளது. சினம் கொண்ட சமூகத்திற்குள்ளேயே மாற்று எதிர்வினைக்கு இடமிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

சொல்லுக்குச் சொல்

குறைஷியரின் வசைக்கவிதைகளுக்குக் கவிதையால் விடையிறுக்கும் பணி ஹஸ்ஸான் இப்னு ஸாபித்திடம் ஒப்படைக்கப்பட்டது. வில்லியம் மூர் எழுதிய நபி வரலாற்றால் மனம் வருந்திய சர் சையத் அகமது கான், 1869இல் இலண்டன் சென்று சான்றுகள் திரட்டி, 1870இல் மறுப்பு நூலை வெளியிட்டார். நூலுக்கு நூலே விடையாயிற்று.

சட்டவழி

1927இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 295ஏ பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாகும். வேண்டுமென்றே தீய நோக்குடன் செய்யப்படும் அவமதிப்புக்கே அது பொருந்தும் என்பதை ராம்ஜி லால் மோடி வழக்கில் (1957) உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே திறனாய்வையும் கருத்து வேறுபாட்டையும் அவமதிப்பிலிருந்து பிரித்தறிதல் புகார் அளிப்போரின் முதற்கடமை. பதிவு கர்நாடகத்தில் எழுதப்பட்டிருப்பினும் ஓசூரில் புகார் அளிக்கலாம். குற்றம் நிகழ்ந்த எல்லையைப் பொருட்படுத்தாது தகவலைப் பெற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு வகைசெய்கிறது. இழிவுப் பதிவைச் சான்றாகப் பாதுகாக்க வேண்டும், பரப்பலாகாது. பரப்புவோர் அவமதித்தவரின் நோக்கத்தையே நிறைவேற்றுகின்றனர்.

இவ்வழிக்கும் குறையுண்டு. நீதிமன்றம் வழக்கை ஏற்க அரசின் முன் அனுமதி தேவை. அனுமதி தாமதிக்கும்போதும், ஒரு சமயத்தார்க்கு விரைந்தும் பிறிதொரு சமயத்தார்க்கு மெதுவாகவும் சட்டம் இயங்குவதாகத் தோன்றும்போதும் பொறுமை கோருவோரின் சொல் வலுவிழக்கிறது. பொறுமையைச் சமூகத்திடம் எதிர்பார்க்கும் அரசு, நடுநிலையைத் தன்னிடம் மெய்ப்பிக்கக் கடமைப்பட்டுள்ளது.

முடிவுரை

புண்பட்ட உணர்வு மெய்யானது. அதனை மறுப்பது தீர்வாகாது. அவ்வுணர்வை மறுப்புரையாகவும் புகாராகவும் அமைதியான அறப்போராட்டமாகவும் மாற்றுவதே மறைநெறிக்கும் சட்டத்திற்கும் ஒத்த எதிர்வினையாகும். பன்மொழித் தொழிலாளர் ஒன்றிவாழும் எல்லைப்பகுதியில், அடுத்த நாளும் அதே ஆலையில் அருகருகே நின்று உழைக்க இயலுவதை அவ்வெதிர்வினையின் அளவுகோலாகக் கொள்ளலாம்.