பழைய டீசல் பிக்கப் கனமான ட்ரெய்லரை இழுத்துவிடும், இறக்கத்தில் நிறுத்துமா?

2016, 2017 மாடல் டீசல் பிக்கப் ஒன்று. பின்னால் ஒரு ட்ரெய்லர். அதன் மேல் பளபளவென்று ரெஸ்டோர் செய்த பழைய ஜீப், இல்லையென்றால் ஒரு குட்டி கேரவன். இப்படி ஒரு ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்த அன்று இரவே செகண்ட் ஹேண்ட் தளங்களில் பிக்கப் விலையைத் தேடியும் இருப்பீர்கள்.

வண்டி கிடைப்பதும் பெரிய கஷ்டமில்லை. டெல்லியில் 10 வயதைத் தாண்டிய டீசல் வண்டிகளை ஓட்டக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகு அங்கே ஓட்ட முடியாத வண்டிகள் என்ஓசி வாங்கிக்கொண்டு மற்ற மாநிலங்களுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. வாங்குபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இது எவ்வளவு வெயிட் இழுக்கும்?"

கேட்க வேண்டிய கேள்வி வேறு. எவ்வளவு வெயிட்டை இந்த வண்டி நிறுத்தும்?

இழுப்பதில் டீசல் கில்லாடிதான்

இழுவையைப் பொறுத்தவரை பழைய டீசலைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1989 மாடலாக வந்த டாட்ஜ் ராம் பிக்கப்பின் 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினுக்கு வெறும் 160 குதிரைத்திறன். இன்றைய கிரெட்டா டர்போ பெட்ரோலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் அந்த கம்மின்ஸின் டார்க் சுமார் 540 நியூட்டன் மீட்டர், கிரெட்டாவைப்போல இரண்டு மடங்குக்கு மேல். இன்றும் அமெரிக்கர்கள் அந்தப் பழைய வண்டிகளில் குதிரை ட்ரெய்லர், படகு என்று இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம்ம ஊர் உதாரணம், 2016இல் ஆந்திராவின் ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து வந்த இசுஸு வி-கிராஸ். 2.5 லிட்டர் இன்ஜின், 320 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,800 ஆர்பிஎம்மிலேயே. சமதளத்தில் ஒரு ஜீப்பை இழுக்க இது தாராளம். ஏற்றத்தில் ரேடியேட்டரும் கிளட்ச்சும் நல்ல நிலையில் இருந்தால் சமாளித்துவிடும். முடியாவிட்டால் டெம்பரேச்சர் முள் ஏறும், நீங்கள் ஓரம் கட்டுவீர்கள். ஏற்றத்தில் தோற்றால் போவது நேரமும் பணமும்தான். இறக்கத்தில் அப்படி இல்லை.

கால் மணி நேரம், 12 கீசர்

புனேயில் வேலை பார்க்கிறீர்கள், வார இறுதியில் ஜீப்பை ஏற்றிக்கொண்டு மும்பை பக்கம் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிக்கப், அதில் நீங்கள் இரண்டு பேர், பைகள் எல்லாம் சேர்த்து 2,200 கிலோ. ட்ரெய்லரும் ஜீப்பும் 1,800 கிலோ. மொத்தம் 4 டன். லோனாவாலாவிலிருந்து கோபோலிக்கு போர் காட் மலைப்பாதையில் இறங்கும்போது உயரம் சுமார் 550 மீட்டர் குறைகிறது.

பள்ளியில் படித்த கணக்குதான்: எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்குங்கள். ஏறக்குறைய 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வருகிறது. ஆறு யூனிட்தானா என்று தோன்றும். கால் மணி நேரத்தில் இறங்குவதாக வைத்தால் அது 24 கிலோவாட். அதாவது, 2 கிலோவாட் கீசர்கள் 12, மலை முடியும் வரை நிற்காமல் ஓடுவதற்குச் சமம். காற்றும் டயர்களும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், இன்ஜின் இன்னொரு பங்கை. மீதி அத்தனையும் வெப்பமாகப் போய்ச் சேரும் இடம் பிரேக்தான். ட்ரெய்லரில் பிரேக் இல்லையென்றால், பிக்கப்பின் நான்கு சக்கரங்களில் இருக்கும் பிரேக் மட்டும்.

பின் சக்கரங்களில் டிரம் பிரேக் உள்ள பிக்கப்களில் இன்னொரு சிக்கல். சூடேறும்போது டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடலை இன்னும் ஆழமாக அழுத்த வேண்டிவரும். லைனிங் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிப்பும் குறைந்துவிடும். "பிரேக் பிடிக்கவில்லை" என்று மலைப்பாதை விபத்துச் செய்திகளில் படிக்கிறோமே, அதில் பல நேரம் எந்தப் பாகமும் உடைந்திருக்காது. வெந்துபோயிருக்கும், அவ்வளவுதான்.

டீசலுக்கு இன்ஜின் பிரேக் அதிகம் என்பது உண்மையா?

இது பலரும் நம்பும் ஒரு விஷயம். டீசலுக்கு கம்ப்ரெஷன் அதிகம், அதனால் ஆக்ஸிலரேட்டரை விட்டாலே வண்டி இழுத்துப் பிடிக்கும் என்பார்கள். பாதிதான் சரி.

பெட்ரோல் இன்ஜினில் நீங்கள் காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்ளும். உள்ளே காற்று வராமல் பிஸ்டன் திணறும். அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடித்து இழுக்கிறது. டீசலின் வேகத்தைத் தீர்மானிப்பது எரிபொருளின் அளவு. பெட்ரோலைப்போல காற்றின் வழியை அடைப்பதில்லை. பிஸ்டன் மேலே போகும்போது காற்றை அழுத்துகிறது, உண்மைதான். ஆனால் அழுத்தப்பட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி. கீழே வரும்போது வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் லாரி, பஸ்களில் எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜினைத் திணறவைக்கும் ஏற்பாடு அது. ராம் பிக்கப்பில்கூட 2007இல் 6.7 லிட்டர் இன்ஜின் வந்தபோதுதான் தொழிற்சாலையிலேயே எக்ஸாஸ்ட் பிரேக் சேர்ந்து வந்தது. அதற்கு முந்தைய வண்டி வைத்திருந்தவர்கள் தனியாக வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். நம்ம ஊர் பழைய பிக்கப்பில் அது இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

அதற்காக கியர் பயனில்லை என்று அர்த்தமில்லை. ஆர்பிஎம் ஏற ஏற இன்ஜினுக்குள் இழுவிசை கூடும். அதனால் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இரண்டாவது அல்லது மூன்றாவது கியருக்கு வந்துவிட வேண்டும். பாதி வழியில் வேகம் எகிறிய பிறகு கியரைக் குறைக்கப் பார்த்தால், விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது நம் நாட்டில் பழைய பழக்கம். இதில் மிச்சமும் இல்லை. காமன் ரெயில் இன்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் வேண்டும்.

இறக்கத்தில் இன்ஜினை அணைப்பது அதைவிட மோசம். டீசலில் த்ராட்டில் இல்லாததால் பிரேக் பூஸ்டருக்கான வாக்யூம் தனி பம்ப் ஒன்றிலிருந்து வருகிறது. பல பிக்கப்களில் அது ஆல்டர்னேட்டரோடு ஒட்டியே இருக்கும். இன்ஜின் நின்றாலும் சரி, அந்த பெல்ட் அறுந்தாலும் சரி, இரண்டு மூன்று அழுத்தலில் பெடல் கல்லாகிவிடும். பத்து வருட வண்டியில் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது.

பிரேக் ஆயில் கதையும் அதே. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிதான். கொதித்தால் பைப்பில் ஆவி நிற்கும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. வண்டி வாங்கியதும் முதல் செலவாக பிரேக் ஆயிலை மாற்றுங்கள். மியூசிக் சிஸ்டம் அப்புறம்.

ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டாமா?

வேண்டும். ஐரோப்பாவில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். நம் உதாரணத்தில் இருப்பது 1,800 கிலோ. பட்டறையில் வெல்டிங் செய்து வாங்கும் ட்ரெய்லரில் பிரேக் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்கள். நீங்கள்தான் எடுக்க வேண்டும். எலக்ட்ரிக் பிரேக் என்றால் டிரைவர் சீட்டிலிருந்தே ட்ரெய்லரை மட்டும் பிடிக்கலாம்.

அது கைகொடுக்கும் இடம், ட்ரெய்லர் வால் ஆட்டும்போது. சுமையின் பெரும்பகுதி ட்ரெய்லர் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், வேகத்தில் ட்ரெய்லர் இடமும் வலமும் வீச ஆரம்பிக்கும். பதறிப்போய் பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால், பின்னால் வரும் ஜீப் உங்களைத் தள்ளிக்கொண்டு முந்தப் பார்க்கும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். ட்ரெய்லர் பிரேக் இருந்தால் அதை மட்டும் மெதுவாகப் போடுங்கள்.

வராமல் தடுப்பது இன்னும் சுலபம். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. 1,800 கிலோவுக்கு 180 முதல் 270 கிலோ. பக்கத்து எடை மேடையிலேயே பார்த்துவிடலாம்: ட்ரெய்லரைக் கழற்றி முழுசாக ஏற்றி ஒரு எடை, பிக்கப்பில் மாட்டி ட்ரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி இன்னொரு எடை. வித்தியாசம்தான் கொக்கியில் இருப்பது. குறைவாக இருந்தால் ஜீப்பைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள். இந்தக் கொக்கி எடையும் பிக்கப்பின் சுமையில் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் தனியாகப் பதிவு செய்ய வேண்டிய வண்டி. ஆர்சியில் உள்ள எடையைத் தாண்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ரூ.20,000 அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000. ஆர்சி விவரங்களுக்கு மாறாக வண்டியில் மாற்றம் செய்வதை 52ஆவது பிரிவு தடுக்கிறது. அதனால் கொக்கி பொருத்தும் முன் ஆர்டிஓவில் கேட்டுவிடுங்கள். கார் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் நவம்பர் 2024இல் தீர்ப்பளித்திருக்கிறது. இன்சூரன்ஸ் அதிலேயே முடிந்துவிடாது. ட்ரெய்லர் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று கம்பெனியிடம் எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இறங்கும் முறை

மலை உச்சியிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பிரேக்கில் காலை லேசாக வைத்தபடியே இறங்காதீர்கள். 40ஐத் தொட்டால் அழுத்தி 30க்குக் கொண்டுவந்து முழுசாக விடுங்கள், திரும்ப 40 வரும்போது மறுபடி. இடைவெளியில் பிரேக் ஆறும். கருகிய வாடை வந்தால் அடுத்து கிடைக்கும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும்.

வருடத்துக்கு இரண்டு முறைதான் ஜீப்பைக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்றால், ஒரு ஃப்ளாட்பெட் வண்டியை வாடகைக்குப் பேசிப் பாருங்கள். பிக்கப், ட்ரெய்லர், பிரேக் வேலை, பதிவுச் செலவு எல்லாவற்றையும் கூட்டினால் பல வருட வாடகை அதிலேயே வந்துவிடும்.