ஐல் ராயல் தீவில் தனிநடைப் பயணம்

ஐல் ராயல் என்பது வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் உள்ள மிகப் பெரிய தீவு ஆகும். இது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தது. இத்தீவும், சுற்றியுள்ள சுமார் 450 சிறு தீவுகளும், அவற்றைச் சூழ்ந்த ஏரிப்பரப்பும் சேர்ந்து ஐல் ராயல் தேசியப் பூங்கா எனப்படுகின்றன. இங்கே சாலைகள் இல்லை, வாகனங்கள் இல்லை. கூடாரம், படுக்கை, உணவு ஆகியவற்றை முதுகுப்பையில் சுமந்துகொண்டு நாள்கணக்கில் நடந்தே பெரும்பாலோர் தீவின் உட்பகுதியைக் காண்கின்றனர். அவ்வாறு துணையின்றித் தனியே நடப்பவர்களும் பலர்.

ஓநாய்கள் வாழும் காட்டில் தனியே நடப்பது என்றதும் ஓநாயைப் பற்றிய அச்சமே முதலில் எழும். உண்மையில் இங்கே தனிநடையாளருக்கு வரும் ஆபத்துகள் பெரும்பாலும் சிறியவையாகத் தொடங்குகின்றன: ஒரு கால் சுளுக்கு, நனைந்த உடை, காய்ச்சாமல் குடித்த ஒரு குவளை நீர். ஊருக்குள் இவை சிறு தொல்லைகள். உதவி எட்டாத தீவில் அவை அப்படி இருப்பதில்லை.

அமைவிடமும் அமைப்பும்

சுப்பீரியர் ஏரி, பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி ஆகும். அதன் வடமேற்குப் பகுதியில், கனடா எல்லைக்கு அருகில் ஐல் ராயல் அமைந்துள்ளது. தீவு சுமார் 72 கி.மீ. நீளமும், மிக அகன்ற இடத்தில் சுமார் 14 கி.மீ. அகலமும் கொண்டது. பரப்பளவு சுமார் 535 சதுர கி.மீ. தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்ட மலைமுகடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. அவற்றுக்கு இடையிலான பள்ளங்களில் ஏரிகளும் சதுப்பு நிலங்களும் உள்ளன. மிக உயர்ந்த இடமான டிசோர் மலை, கடல் மட்டத்திலிருந்து சுமார் 425 மீட்டர் உயரம் உடையது. உயரம் குறைவாகத் தோன்றினாலும், முகடுகளில் ஏறுவதும் சதுப்புகளில் இறங்குவதுமாக இருப்பதால் நடை எளிதன்று.

வரலாறு

ஒஜிப்வே மக்கள் இத்தீவை மினோங் என்று அழைக்கின்றனர். ஐரோப்பியர் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழங்குடி மக்கள் இங்கே குழிகள் தோண்டிச் செம்பு எடுத்தனர். அக்குழிகளை இன்றும் காணலாம். 19ஆம் நூற்றாண்டில் சுரங்க நிறுவனங்களும் மீனவர்களும் வந்தனர்.

தேசியப் பூங்கா அமைக்க 1931ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. 1940இல் பூங்கா நிறுவப்பட்டது. 1976இல் அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ 99 விழுக்காடு, மனிதத் தலையீடு இன்றி இயற்கையாகவே விடப்பட வேண்டிய காட்டுநிலமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. 1980இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

தீவின் தனிமையும் உயிரினங்களும்

நடுவில் இருக்கும் குளிர்ந்த ஏரியைக் கடக்க முடிந்த விலங்குகளே இத்தீவில் வாழ்கின்றன. அருகிலுள்ள கரையில் கரடிகள் உண்டு. தீவில் கரடி இல்லை. மூஸ் எனப்படும் பெரிய மான் இனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து சேர்ந்தது. ஓநாய்கள் 1940களின் இறுதியில், குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் பனிப்பரப்பைப் பாலமாகக் கொண்டு நடந்து வந்தன.

கொன்றுண்ணும் விலங்கு ஒன்று, அதன் பெரிய இரை ஒன்று, வெளியேற வழியில்லாத ஒரு தீவு. ஆய்வாளர்களுக்கு இது இயற்கையே அமைத்துக் கொடுத்த ஆய்வுக்கூடம் ஆயிற்று. 1958இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் டர்வர்ட் ஆலன் ஓநாய்–மூஸ் ஆய்வைத் தொடங்கினார். உலகில் மிக நீண்ட காலமாகத் தொடரும் இரை–கொன்றுண்ணி ஆய்வாக இது கருதப்படுகிறது.

தனிமை தீவைக் காத்தது. அதே தனிமை ஓநாய்களை அழிவின் விளிம்புக்கும் கொண்டு சென்றது. 1980இல் 50 ஆக இருந்த ஓநாய்கள், நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸ் நோய் பரவியதால் 1982இல் 14 ஆகக் குறைந்தன. காலநிலை வெப்பமடைந்து பனிப்பாலம் உருவாவது அரிதானதால், வெளியிலிருந்து புதிய ஓநாய்கள் வருவதும் குறைந்தது. 1997இல் ஓர் ஆண் ஓநாய் பனியைக் கடந்து வந்து இனத்துக்குச் சிறிது வலுவூட்டியது. ஆயினும் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் தொடர்ந்ததால், காலப்போக்கில் இரண்டே ஓநாய்கள் எஞ்சின. 2018, 2019 ஆண்டுகளில் 19 ஓநாய்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டன. அதன் பின் அவை மீண்டும் பெருகியுள்ளன.

பூங்காவுக்குள் நாய்களைக் கொண்டுவரத் தடை இருப்பது இதனால்தான். துணைக்கு ஒரு நாயைக் கூட்டிச் செல்ல விரும்பும் தனிநடையாளருக்கும் விதிவிலக்கு இல்லை.

தீவை அடைதல்

பூங்கா ஏப்ரல் 16 முதல் அக்டோபர் 31 வரை மட்டுமே திறந்திருக்கும். குளிர்காலத்தில் முழுமையாக மூடப்படும். மிச்சிகனில் உள்ள ஹோட்டன், காப்பர் ஹார்பர் ஆகிய ஊர்களிலிருந்தும், மின்னசோட்டாவின் கிராண்ட் போர்ட்டேஜிலிருந்தும் பயணப் படகுகள் செல்கின்றன. காப்பர் ஹார்பரிலிருந்து சுமார் நான்கு மணி நேரமும் ஹோட்டனிலிருந்து சுமார் ஆறு மணி நேரமும் ஆகும். நீரில் இறங்கும் சிறு விமானங்களும் உண்டு. தீவின் கிழக்கு முனையில் ராக் ஹார்பர், மேற்கு முனையில் விண்டிகோ என இரண்டு நுழைவாயில்கள் உள்ளன.

காற்றும் மூடுபனியும் இருந்தால் படகும் விமானமும் புறப்படா. எனவே திட்டமிட்ட நாள்களுக்கு மேல் ஓரிரு நாள்களுக்கான உணவைக் கையில் வைத்திருப்பது அவசியம். திரும்பிச் செல்லும் நாளன்று இறங்குதுறைக்கு நெடுந்தொலைவு நடக்குமாறு திட்டமிடக் கூடாது. முந்தைய இரவே அருகில் வந்து தங்கிவிடுவது நல்லது. படகைப் பிடிக்கும் அவசரத்தில் ஈரப்பாறையில் விரைந்து நடப்பதே பல சுளுக்குகளுக்குக் காரணமாகிறது.

நடைபாதைகள்

தீவில் சுமார் 265 கி.மீ. நீளமுள்ள நடைபாதைகளும் 36 முகாமிடங்களும் உள்ளன. தீவின் முதுகெலும்பைப் போன்ற முகட்டின் மேல் செல்லும் கிரீன்ஸ்டோன் பாதை புகழ்பெற்றது. ராக் ஹார்பரிலிருந்து விண்டிகோ வரை நடப்பவர் வழக்கமாக டெய்சி ஃபார்ம், சிக்கன்போன் ஏரி, ஹேச்செட் ஏரி, டிசோர் ஏரியின் தென்கரை ஆகிய இடங்களில் இரவு தங்குவார். முதல் நான்கு நாள்கள் நாளொன்றுக்கு 11 முதல் 13 கி.மீ. வரையும், கடைசி நாள் சுமார் 19 கி.மீட்டரும் நடக்க வேண்டியிருக்கும். கடைசி நாள் நடையை இரண்டாகப் பிரித்து ஆறு நாள்களில் முடிப்பவர்களும் உண்டு.

இதற்கு வடக்கே செல்லும் மினோங் முகட்டுப் பாதை கடினமானது. வெறும்பாறைகளின் மேல் வழி மறைந்துவிடும். அடுக்கி வைத்த கற்குவியல்களைப் பார்த்தே திசையறிய வேண்டும். தனியாக முதன்முறை வருபவருக்குக் கிரீன்ஸ்டோன் பாதையே ஏற்றது.

சுமை

குழுவாகச் செல்பவர்கள் கூடாரம், அடுப்பு, நீர் வடிகட்டி ஆகியவற்றைப் பங்கிட்டுச் சுமக்கலாம். தனியாகச் செல்பவர் அனைத்தையும் தானே சுமக்க வேண்டும். மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது நடையாளர்களிடையே உள்ள பொதுவான கணக்கு. அதாவது 60 கிலோ எடையுள்ளவர் ஏறத்தாழ 12 கிலோ சுமக்கலாம். உலர் உணவாக நாளொன்றுக்கு 600 முதல் 800 கிராம் தேவைப்படும். ஆறு நாள்களுக்கு நான்கு கிலோவைத் தாண்டக்கூடும் என்பதால், மற்றப் பொருள்களில் குறைத்தே ஆகவேண்டும். ஆனால் மழைச்சட்டை, உலர்ந்த மாற்றுடை, முதலுதவிப் பை, வரைபடம், திசைகாட்டி ஆகியவற்றில் குறைக்கக் கூடாது.

அடுப்புக்கான எரிபொருளைச் சிறு விமானங்களில் ஏற்ற மாட்டார்கள். பயணப் பருவத்தில் இரு நுழைவாயில்களிலும் உள்ள கடைகளில் அதை வாங்கிக்கொள்ளலாம்.

குடிநீர்

ஏரிகள் நிறைந்த தீவில் நீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் முகட்டின் மேல் நெடுந்தொலைவுக்கு நீர் கிடைக்காது. காலையில் முகாமிலிருந்து கிளம்பும்போதே போதிய நீரை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பார்ப்பதற்குப் பளிங்குபோல் இருந்தாலும் அந்த நீரை அப்படியே குடிக்கக் கூடாது. ஓநாயின் குடலில் ஒருவகை நாடாப்புழு வாழ்கிறது. அதன் முட்டைகள் ஓநாயின் எச்சத்தின் வழியே வெளியேறி நிலத்திலும் நீரிலும் கலக்கின்றன. மூஸ் மான் செடிகளை உண்ணும்போது அவை அதன் உடலுக்குள் சென்று நுரையீரலில் நீர்க்கட்டிகளாக வளர்கின்றன. அந்த மானை ஓநாய் தின்னும்போது புழு மீண்டும் ஓநாயின் குடலை அடைகிறது. இந்த முட்டைகள் மனித உடலுக்குள் புகுந்தாலும் ஈரல், நுரையீரல் ஆகியவற்றில் அதே போன்ற கட்டிகள் உண்டாகலாம்.

குளோரின் அல்லது அயோடின் மாத்திரைகள் இந்த முட்டைகளை அழிப்பதில்லை. புறஊதாக் கதிர்க் கருவியையும் நம்பக் கூடாது. நீரை நன்கு கொதிக்கவைக்க வேண்டும், அல்லது 0.4 மைக்ரான் அளவுக்கோ அதைவிட நுண்ணியதாகவோ துளைகள் கொண்ட வடிகட்டியில் வடிகட்ட வேண்டும். வடிகட்டி உடைந்தால் தனிநடையாளருக்குக் கடன் கொடுக்க அருகில் ஆள் இராது. ஆகவே கொதிக்கவைக்கும் அளவுக்குக் கூடுதல் எரிபொருளும் வைத்திருக்க வேண்டும். உள் ஏரிகளில் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தால் அந்நீரை எடுக்கவே கூடாது. அதன் நச்சு கொதிக்கவைத்தாலும் வடிகட்டினாலும் நீங்காது.

குளிரும் காயமும்

கோடையிலும் இரவு வெப்பநிலை 5 பாகை செல்சியசு அளவுக்கு இறங்கலாம். மழையில் நனைந்து, காற்றும் அடித்தால் உடல் வெப்பம் விரைவாகக் குறையும். முதலில் நடுக்கம் வரும். பிறகு கைவிரல்கள் சொன்னபடி கேளா. அதன் பின் சிந்தனை தடுமாறும். குழுவில் ஒருவரின் பேச்சு குழறினால் மற்றவர் கண்டுகொள்வார். தனியாக இருப்பவர் தன் தடுமாற்றத்தைத் தானே உணர்வது கடினம். எனவே நடுக்கம் தொடங்கியதுமே நடையை நிறுத்தி, கூடாரம் அமைத்து, உலர்ந்த உடை அணிந்து, சூடாக ஏதேனும் பருக வேண்டும்.

சதுப்புகளின் மேல் போடப்பட்டுள்ள பலகைகள் மழைக்குப் பின் வழுக்கும். ஊன்றுகோல் பெரிதும் உதவும். ஐந்து நிமிடம் மிச்சப்படுத்த எண்ணிக் குறுக்கு வழியில் இறங்காமல், பாதையிலேயே நடப்பது பாதுகாப்பானது. பாதையை விட்டு விலகியபின் விழுந்தால், அவ்வழியே வரும் மற்ற நடையாளர்களும் காண முடியாது.

விலங்குகளிடம் நடந்துகொள்ளும் முறை

ஓநாய்கள் மனிதரைத் தவிர்த்து விலகிச் செல்வன. தீவில் பல நாள் நடந்தவர்களும் அவற்றின் கால்தடத்தையோ எச்சத்தையோ மட்டுமே பார்த்துத் திரும்புவது வழக்கம். மூஸ் மானிடம்தான் கூடுதல் கவனம் தேவை. கன்றுடன் இருக்கும் தாயும், இலையுதிர் காலத்தில் இணைதேடும் ஆணும் சீற்றம் கொள்ளக்கூடும். அது காதுகளைப் பின்னால் மடித்து, பிடரி மயிரைச் சிலிர்த்தால் உடனே பின்வாங்கி ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் செல்ல வேண்டும்.

கரடி இல்லை என்பதால் உணவை வெளியே விட்டுவைக்கவும் கூடாது. செந்நரிகளும் அணில்களும் முகாம்களில் திருடப் பழகியவை. நரி, கூடாரத்துக்கு வெளியே கழற்றி வைத்த காலணியையும் தூக்கிச் செல்லும். இரண்டு நாள் நடைத் தொலைவில் ஒரு காலணியை இழப்பது சிறிய இழப்பு அன்று.

தகவல் தெரிவித்தல்

தீவின் காட்டுப்பகுதியில் கைப்பேசித் தொடர்பை நம்ப முடியாது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியைப் பலர் கொண்டு செல்கின்றனர். அது உதவி கேட்க மட்டுமே பயன்படும். காவலர்கள் படகிலும் நடந்தும் வந்து சேர, வானிலை ஒத்துழைத்தாலும் பல மணி நேரம் ஆகலாம்.

தீவில் இரவு தங்குவதற்கு அனுமதிச்சீட்டு பெற வேண்டும். எந்த இரவு எங்கே தங்கப்போகிறார் என்பது அதில் குறிக்கப்படும். சீட்டு இருப்பதாலேயே யாராவது தேடிவருவார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் பாதை, தங்குமிடங்கள், திரும்பும் படகின் நாள் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, எந்த நாளுக்குள் தகவல் வராவிட்டால் பூங்கா அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் குறிப்பிட வேண்டும். எடை ஏதுமற்ற இந்த ஒரு தாள், காயம்பட்டுக் கிடக்கும் ஒருவரைத் தேடும் பரப்பைத் தீவு முழுவதிலிருந்து ஒருநாள் நடைத் தொலைவாகக் குறைத்துவிடும்.

சிறப்பு

அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் மிகக் குறைவானோர் வந்து செல்லும் தேசியப் பூங்காக்களுள் ஐல் ராயலும் ஒன்று. ஆனால் வருபவர்கள் இங்கே மற்றப் பூங்காக்களைவிட அதிக நாள் தங்குகின்றனர். மீண்டும் வருபவர்களும் மிகுதி. சூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ 16 மணி நேரம் நீள்கிறது. மாலையில் ஏரியிலிருந்து லூன் என்னும் நீர்ப்பறவையின் நீண்ட குரல் கேட்கும். விடியலில் மூஸ் மான் நீரில் இறங்கிச் செடிகளை மேயும். தனியாக, அரவமின்றி இருப்பவருக்கு இக்காட்சிகள் எளிதில் வாய்க்கின்றன. மெதுவாக நடப்பவரும், களைப்பு வருமுன் ஓய்வெடுப்பவரும், ஐயம் வந்தால் திரும்பிவிடுபவருமே அவற்றைக் கண்டு நலமாக ஊர் திரும்புகின்றனர்.